குளிர்க் கடல் வைரஸ் ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருவக் கடல்களில் வைரஸ்களுக்கும் மிதவை உயிரிகளுக்கும் இடையே என்ன நடக்கிறது என்று ஆராய வரும் இளையவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். 2008-இல் ஆர்க்டிக்கில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் திறக்கப்பட்ட பிறகு, அங்குள்ள காங்ஸ்ஃபியோர்டன் என்ற ஃபியர்டின் (நிலத்துக்குள் நீண்டு நுழையும் குறுகிய கடற்பகுதி) நீரில் தங்கள் கையாலேயே மாதிரி எடுக்கும் வாய்ப்பு நம் மாணவர்களுக்கும் கிடைக்கிறது. இதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் கருத்துக் கேட்டு அனுப்பும் தரவுகளையும் கட்டுரை வரைவுகளையும் படிக்கும்போது, எங்கள் தலைமுறை ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள் வரிசையாக வருகின்றன. கையுறை போடுவது, பாட்டிலில் பெயர் எழுதுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் ஆய்வகத்தில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். யாரும் எடுத்துச் சொல்லாதவற்றை, சொன்னாலும் காதில் ஏறாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

குளிர் என்றால் வைரஸ் குறைவு என்ற நினைப்போடு தொடங்குவது

இந்த நினைப்பு இருந்தால் திட்டமே கோணலாகிவிடும். போதுமான மாதிரி எடுக்க மாட்டீர்கள், ஆழங்களைத் தவிர்ப்பீர்கள், குளிர்காலத்தை விட்டுவிடுவீர்கள். இயற்கை நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 25 கோடி வரை வைரஸ் துகள்கள் இருக்கலாம் என்று 1989-இல் உலகுக்குக் காட்டியவர்கள் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்துக்காரர்கள். 2019-இல் வெளியான டாரா ஓஷன்ஸ் என்ற கடற்பயணத் திட்டத்தின் ஆய்வு, உலகக் கடல்கள் முழுவதிலுமிருந்து கிட்டத்தட்ட 1,96,000 டிஎன்ஏ வைரஸ் கூட்டங்களை அடையாளம் கண்டது. அதில் ஆர்க்டிக் பெருங்கடல், வைரஸ் பன்மை மிகுந்த இடங்களில் ஒன்றாகத் தெரிந்தது. கடல் பனிக்கட்டிக்குள் சிக்கிய உப்புக்கரைசலில், மைனஸ் 12 டிகிரியில்கூட புதிய வைரஸ்கள் உருவாவது 2006-லேயே அளக்கப்பட்டுவிட்டது. குளிரில் வேலை மெதுவாக நடக்கிறது, ஆனால் நிற்பதில்லை. இந்த 'மெதுவாக' என்பதை மறப்பதால்தான் கீழே சொல்லப்போகும் பெரிய தவறு நடக்கிறது.

ஃபிக்ஸ் செய்த மாதிரியை ஃப்ரிட்ஜில் விட்டுவிடுவது

மாதிரியை இருந்தபடியே நிலைநிறுத்தும் (ஃபிக்ஸ் செய்யும்) குளூட்டரால்டிஹைடு சேர்த்தாயிற்று, இனி ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறார்கள். பாக்டீரியாவுக்கு அது ஓரளவு பொருந்தும். வைரஸுக்குப் பொருந்தாது. ஃபிக்ஸ் செய்து 4 டிகிரியில் வைத்த மாதிரியிலும் வைரஸ் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே இருக்கும், அதுவும் முதல் சில மணி நேரத்திலேயே கணிசமாக. 2004-இல் இதை முறையாகச் சோதித்துக் காட்டிவிட்டார்கள். அதற்கு முன் வந்த பல பழைய எண்ணிக்கைகள் உண்மையைவிடக் குறைவாக இருக்கக் காரணமும் இதுதான்.

கடைசி அடர்த்தி 0.5 சதவீதம் வரும்படி குளூட்டரால்டிஹைடு சேருங்கள். இருட்டில், 4 டிகிரியில், 15 முதல் 30 நிமிடம் வையுங்கள். அப்புறம் நேராகத் திரவ நைட்ரஜனில் இறக்கி, மைனஸ் 80-க்கு மாற்றுங்கள். திரவ நைட்ரஜன் இல்லாமல், மைனஸ் 20 பெட்டியில் மெதுவாக உறையவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கப்பலுக்கு நைட்ரஜன் கிடைக்காது என்று தெரிந்தால், எண்ணும் கருவியைக் கப்பலுக்கே கொண்டுபோக வழி உண்டா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஏற்பாடு ஆகும் வரை பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. மாதிரி ஊருக்கு வந்து சேரும்போது பாதி வைரஸ் காணாமல் போயிருந்தால், அதை எந்தப் புள்ளியியலும் திருப்பித் தராது.

எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு வேகத்தைச் சொல்வது

இந்தக் கட்டுரையை எழுதவைத்ததே இந்தத் தவறுதான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இதற்கான விலை மிக அதிகம்.

ஒரு மாணவி காங்ஸ்ஃபியோர்டனில் ஒரு கோடை முழுவதும் உழைத்திருந்தாள். ஃபியர்டின் வாயிலிருந்து பனியாறு வந்து விழும் உள்முனை வரை வரிசையாக இடங்கள், ஒவ்வொரு இடத்திலும் பல ஆழங்கள், எல்லாவற்றுக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் (சாயமேற்றிய துகள்களை ஒளியால் எண்ணும் கருவி) வைரஸ் எண்ணிக்கை, பாக்டீரியா எண்ணிக்கை, நுண்பாசி எண்ணிக்கை. அழகான தரவு. மாதிரிகளைக் காத்த முறையிலும் ஒரு குறை சொல்ல முடியாது. வாய்ப்பக்கம் வைரஸ் அதிகம், பனியாற்றுப் பக்கம் குறைவு. அவள் எழுதிய முடிவு: 'ஃபியர்டின் வெளிப்பகுதியில் வைரஸ்கள் நுண்பாசிகளைத் தீவிரமாக அழிக்கின்றன, உள்பகுதியில் வைரஸ் தாக்கம் குறைவு.' ஆனால் அழிவின் வேகத்தை அளந்த பாட்டில் ஒன்றுகூட அவளிடம் இல்லை. ஆய்விதழில் கட்டுரை நிராகரிக்கப்பட்டது, சரியாகத்தான் நிராகரித்தார்கள். அந்தக் கோடையைத் திரும்ப வரவழைக்க யாராலும் முடியவில்லை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் ஃபியர்டுக்குள் எவ்வளவு நுழைகிறது, பனி எப்போது உடைகிறது என்பதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் இடம் அது. அடுத்த ஆண்டு போய் வேகத்தை மட்டும் அளந்து பழைய எண்ணிக்கையோடு ஒட்டவைக்க முடியாது.

அந்த முடிவில் என்ன பிழை? எண்ணிக்கை என்பது வெறும் இருப்பு. உருவான வைரஸில் அழிந்தது போக மிச்சம் நிற்பது. ஒரு குளத்தின் நீர்மட்டத்தை மட்டும் பார்த்து, வரத்துக் கால்வாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று சொல்ல முடியாது. மதகை அடைத்திருந்தால் சொட்டுச் சொட்டாக வந்தாலும் குளம் நிறைந்தே இருக்கும். குளிர்க் கடலில் அந்த மதகு பெரும்பாலும் அடைத்தேதான் இருக்கிறது. வெப்ப மண்டலத்தின் மேற்பரப்பு நீரில் கடும் வெயில் பட்டால் வைரஸின் தொற்றும் திறன் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் போய்விடும். துருவத்தில் குளிர்காலம் முழுக்க வெயிலே இல்லை. வைரஸின் புரத உறையைச் சிதைக்கும் நொதிகளும் குளிரில் மந்தமாகவே வேலை செய்கின்றன. எனவே ஒரு தடவை உருவான வைரஸ் துகள் நெடுநாள் மிதந்துகொண்டிருக்கும். நீங்கள் இன்று எண்ணுவதில் ஒரு பங்கு, எப்போதோ முடிந்துபோன ஒரு நுண்பாசிப் பெருக்கத்தின் மிச்சமாக இருக்கலாம்.

சரி, உள்முனையில் எண்ணிக்கை குறைந்ததற்கு என்ன காரணம்? அங்கே குரோனெப்ரீன் போன்ற பனியாறுகள் அரைத்துத் தள்ளும் மாவு போன்ற வண்டல் நீரைக் கலங்கடிக்கிறது. அந்த நுண்துகள்களில் வைரஸ்கள் ஒட்டிக்கொண்டு நீரிலிருந்து நீங்குகின்றன. பனியாற்று வண்டல் வைரஸை இப்படி அகற்றுவதை அளந்து 2019-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அதாவது அங்கே உற்பத்தி குறைவாக இருந்திருக்கலாம், அல்லது உற்பத்தி நன்றாகவே நடந்து, வெளியேற்றம் அதைவிட வேகமாக இருந்திருக்கலாம். எண்ணிக்கை மட்டும் கையில் இருந்தால் இரண்டையும் பிரிக்க வழியே இல்லை.

இதோடு கூடவே வரும் இன்னொரு பழக்கம், 'ஒரு பாக்டீரியாவுக்குப் பத்து வைரஸ்' என்ற விகிதத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்வது. 2016-இல் உலகக் கடல்களின் பல ஆய்வுத் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மேற்பரப்பு நீரில் அந்த விகிதம் சுமார் 1.4 முதல் 160 வரை பரந்து கிடந்தது. உங்கள் மாதிரியில் விகிதம் 25 என்று வந்தால் அது 'அதிகத் தொற்று' என்பதற்குச் சான்று ஆகாது. அதேபோல, ஒரு செல் வெடித்தால் எத்தனை வைரஸ் வெளிவரும் என்பதற்கு மிதவெப்பக் கடல் ஒன்றின் எண்ணை எடுத்து ஆர்க்டிக் கணக்கில் போடுவார்கள். காங்ஸ்ஃபியோர்டனிலேயே பிரித்தெடுத்த, மைக்ரோமோனாஸ் போலாரிஸ் என்ற நுண்பாசியைத் தாக்கும் வைரஸ்களை வெவ்வேறு வெப்பநிலையில் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். வெப்பநிலை குறையும்போது தொற்றின் சுற்று நீண்டுகொண்டே போகிறது, வெளிவரும் வைரஸும் குறைகிறது. கடன் வாங்கிய எண்ணைப் போட்டால் உங்கள் மொத்தக் கணக்கும் யாரோ ஒருவருடைய கடலைப் பற்றியதாகிவிடும்.

வேகத்தை அளக்க வழி இருக்கிறது, கடினமானதும் இல்லை. நுண்பாசிகளுக்கு நீர்த்தல் முறை. கடல்நீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்த நீரால் பல விகிதங்களில் நீர்த்த ஒரு வரிசை: அதில் மேய்ச்சல் உயிரிகள் (நுண்பாசிகளைத் தின்னும் நுண்ணுயிரிகள்) குறையும், வைரஸ்கள் அப்படியே இருக்கும். 30 கிலோடால்டன் சவ்வில் வடித்த, வைரஸே இல்லாத நீரால் நீர்த்த இன்னொரு வரிசை: அதில் மேய்ச்சல் உயிரிகளும் வைரஸ்களும் சேர்ந்து குறையும். இரண்டு வரிசைகளிலும் நுண்பாசி வளரும் வேகத்தை ஒப்பிட்டால், வைரஸால் எவ்வளவு போகிறது என்பது தனியாகத் தெரியும். அண்டார்டிக் தீபகற்பத்தில் ராதெரா நிலையத்துக்கு அருகே உள்ள ரைடர் விரிகுடாவில் இப்படிப் பருவம் முழுக்க அளந்துதான், நுண்பாசிகளுக்கு வைரஸால் ஏற்படும் இழப்பு மேய்ச்சலால் ஏற்படும் இழப்புக்கு ஈடானது என்று 2021-இல் காட்டினார்கள். கிரில், கோப்பிபோடு போன்ற சிறு ஓட்டுயிரிகள் தின்னவேண்டிய உணவில் ஒரு பெரும் பங்கு, செல்கள் வெடித்துக் கரைபொருளாகி பாக்டீரியாவுக்குப் போகிறது என்பது அந்தக் கடலின் உணவு வலையையே வேறு விதமாகப் பார்க்கவைக்கும் செய்தி. வெறும் எண்ணிக்கையால் இது ஒருநாளும் வெளிவந்திருக்காது.

வேகத்தை அளக்கும்போதும் குளிர் ஒரு பொறி வைக்கிறது. இந்தச் சோதனை வழக்கமாக 24 மணி நேரம் ஓடும். உள்ளே நுழைந்த வைரஸ் வெளிவர 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும் நீரில், இரண்டு வரிசைகளுக்கும் வித்தியாசமே தெரியாது. உடனே 'வைரஸ் அழிவு பூஜ்யம்' என்று எழுதிவிடுகிறார்கள். பாக்டீரியா வைரஸ் உற்பத்தியை அளக்கும் சோதனையிலும் இதே கதைதான். வைரஸைக் குறைத்து, பாக்டீரியாவை மட்டும் தக்கவைத்து, சில மணிக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்தால், சூடான கடலில் கோடு நன்றாக ஏறும். மைனஸ் 1 டிகிரி நீரில் முதல் நாள் தட்டையாகவே கிடக்கும். காலத்தை நீட்டுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நீட்டாதீர்கள்: பாட்டிலுக்குள் அடைபட்ட சமூகம் நாள் ஆக ஆகத் தன் இயல்பை இழக்கும். இடையிடையே மாதிரி எடுத்து, எப்போது மாற்றம் தொடங்குகிறது என்று பாருங்கள். அந்த நீரில் அதிகமாக இருக்கும் பாசியின் தொற்றுச் சுற்று எவ்வளவு நேரம் என்று வளர்ப்பில் அளந்த எண் கிடைத்தால், அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் தெரியவில்லையென்றால் 'இந்தக் காலத்துக்குள் கண்டறிய முடியவில்லை' என்று எழுதுங்கள். அது நேர்மையான, பயனுள்ள ஒரு முடிவு.

என்னிடம் திட்டத்தைக் காட்டுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பன்னிரண்டு இடங்களில் எண்ணப் போகிறீர்களா? அதை நான்காகக் குறைத்து, நான்கிலும் வேகம் அளந்துவிட்டு வாருங்கள். வரைபடத்தில் புள்ளிகள் குறையும். ஆனால் அந்தக் கடலில் யார் யாரை எவ்வளவு வேகமாகக் கொல்கிறார்கள் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்கும்.

பாட்டில் சூடாவது

நீர் எடுத்த வெப்பநிலையிலேயே எல்லாம் நடக்கட்டும். நீர்த்தும் நீர், புனல், பாட்டில், எல்லாவற்றையும் முன்கூட்டியே குளிரவையுங்கள்.

0.2 மைக்ரானுக்குக் கீழே இருப்பதெல்லாம் வைரஸ், மேலே இருப்பதெல்லாம் செல்

இந்தப் பிரிப்பு ஒரு வசதிக்காக வந்தது. நுண்பாசிகளைத் தாக்கும் பெரிய வைரஸ்கள் இந்த எல்லைக்கு மிக அருகில் நிற்கின்றன. எமிலியானியா ஹக்ஸ்லேயி என்ற நுண்பாசியின் பெருக்கம் வடகடல்களை விண்வெளியிலிருந்தே பால்நீலமாகக் காட்டும். அதைத் தாக்கி அழிக்கும் வைரஸ் கிட்டத்தட்ட 170 நானோமீட்டர் இருக்கும். நுண்பாசி நிறைந்த நீரில் வடிகட்டியின் துளைகள் சீக்கிரமே அடைபடும், அப்போது இந்த வைரஸ்கள் தாளிலேயே தங்கிவிடும். மரபணுத் தொகுப்பு ஆய்வு செய்கிறவர்கள் 0.2 மைக்ரானைத் தாண்டி வந்த நீரை மட்டும் வைத்துக்கொண்டு, வடிகட்டித் தாளைக் குப்பையில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். இராட்சத வைரஸ்களைத் தேட வேண்டிய இடமே அந்தத் தாள்தான். தாளையும் உறையவைத்து எடுத்து வாருங்கள்.

டயட்டம்களுக்கு வைரஸ் இல்லை என்று எழுதுவது

குளிர்க் கடல்களின் வசந்தம், சிலிக்கா ஓடு கொண்ட நுண்பாசிகளான டயட்டம்களின் காலம். ஃப்ளோ சைட்டோமீட்டரில் டயட்டம் வைரஸ் கூட்டம் எதுவும் தெரியாது, அதனால் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டயட்டம்களைத் தாக்குவதாகத் தெரிந்த வைரஸ்கள் பெரும்பாலும் 30 முதல் 40 நானோமீட்டர் அளவுள்ளவை, ஒற்றை இழை ஆர்என்ஏ அல்லது சிறிய ஒற்றை இழை டிஎன்ஏ கொண்டவை. வைரஸை எண்ணப் பயன்படுத்தும் ஸைபர் கிரீன் சாயத்தால் இவ்வளவு சிறிய மரபுப்பொருளைக் கருவி காணும் அளவுக்கு ஒளிரவைக்க முடியாது. ஆர்என்ஏவைத் தனியாகப் பிரித்து வரிசைப்படுத்தாமல் டயட்டம் வைரஸ் பற்றி வாயே திறக்க வேண்டாம்.

இதில் தென்பெருங்கடலுக்குப் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே நைட்ரேட் தாராளம், இரும்பு பற்றாக்குறை. சிலிக்கா தட்டுப்பாட்டில் டயட்டம்களில் வைரஸ் தொற்று வேகமாகிறது என்று 2019-லும், இரும்புத் தட்டுப்பாட்டில் தொற்று மந்தமாகிறது என்று 2021-லும் ஆய்வுகள் வந்தன. சாதாரண எஃகுக் கம்பியில் கட்டிய பாட்டிலால் நீர் எடுத்து, அமிலத்தில் கழுவாத குடுவையில் ஊற்றினால், நீங்களே இரும்பு ஊட்டிவிடுகிறீர்கள். அப்புறம் நீங்கள் அளக்கும் தொற்று வேகம் அந்தக் கடலுடையதாக இருக்காது.

கடல் பனிக்கட்டியை அப்படியே உருகவிடுவது

பனிக்கட்டியின் பெரும்பகுதி நன்னீர். செல்கள் வாழ்வது அதன் நடுவே ஓடும் நுண்குழாய்களின் கடும் உப்புக்கரைசலில். அப்படியே உருகவிட்டால் உப்பு சட்டென்று இறங்கி, பல செல்கள் ஊதி வெடிக்கும். நீங்கள் அதை வைரஸ் வேலை என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால்தான் வடிகட்டிய கடல்நீரில் போட்டு, இருட்டில், குளிரில் உருக்கச் சொல்கிறார்கள். இது பலருக்கும் தெரியும். ஆனால் 0.2 மைக்ரானில் வடித்த கடல்நீரில் வைரஸ்கள் ஏறக்குறைய முழுதாக இருக்கின்றன என்பது மறந்துபோகிறது! பனியின் வைரஸை எண்ணப் போய், நீங்களே ஊற்றிய வைரஸை எண்ணுவீர்கள். உருக்கும் நீரும் 30 கிலோடால்டன் சவ்வில் வடித்ததாக இருக்க வேண்டும், அதில் கொஞ்சம் எடுத்துத் தனியாக எண்ணியும் வைக்க வேண்டும். இன்னொன்று: உருகிய நீரின் எண்ணிக்கையை அப்படியே போடாதீர்கள். பனியின் வெப்பநிலையும் உப்பும் தெரிந்தால் உப்புக்கரைசலின் பருமனைக் கணக்கிடலாம். செல்லும் வைரஸும் உண்மையில் சந்திக்கும் அடர்த்தி அந்தப் பருமனில் இருப்பதுதான்.

ப்ளாங்க் ஓட்டாமல் இருப்பது

மாதிரி சேர்க்காத வெறும் பஃபரை (மாதிரியை நீர்க்கும் கரைசலை) எண்ணிப் பார்ப்பதுதான் ப்ளாங்க். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு புதிய பஃபருக்கும். விதிவிலக்கே கிடையாது.

ஒரு மாதத்தைப் பார்த்து ஆண்டுக்குத் தீர்ப்பு

அண்டார்டிக் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் நடந்த ஆய்வொன்று 2016-இல் வந்தது. வசந்தத்தின் தொடக்கத்தில் பல வைரஸ்கள் பாக்டீரியாவைக் கொல்லாமல், அதன் மரபுப்பொருளோடு சேர்ந்து ஒடுங்கிக் கிடக்கின்றன. கோடையில் பாக்டீரியா வளர்ச்சி ஏறியதும் கொல்லும் வழிக்கு மாறுகின்றன. நவம்பரில் மட்டும் போனவர் 'இங்கே வைரஸ் சாது' என்பார், ஜனவரியில் மட்டும் போனவர் நேர்மாறாகச் சொல்வார். ஒரே பருவம்தான் கிடைக்கும் என்றால், ஒடுங்கிய வைரஸ்களைக் கிளப்பிவிடும் மைட்டோமைசின் சி சேர்த்த பாட்டில்களையும் கூடவே ஓட்டுங்கள். ஒடுங்கிக் கிடப்பவை எவ்வளவு என்பதற்கு ஒரு மதிப்பீடாவது கிடைக்கும்.

பெருக்கம் முடிந்தாலே வைரஸ்தான் என்பது

பச்சையம் இறங்கியது, வைரஸ் ஏறியது, கதை முடிந்தது என்று எழுதிவிடுவார்கள். ஃபியோசிஸ்டிஸ் என்ற நுண்பாசி இருக்கும் நீரில் இது பெரும்பாலும் தவறாகிவிடும். பெர்கனுக்கு அருகே ஃபியோசிஸ்டிஸ் பூஷெட்டியைத் தாக்கும் வைரஸை 1990-களிலேயே பிரித்தெடுத்தார்கள், அது தனிச் செல்லை வேகமாகவே அழிக்கும். ஆனால் அதே பாசி சளிக் கூட்டமாக வாழும்போது வைரஸ் எளிதில் நெருங்க முடிவதில்லை. ஆகவே தனிச் செல்கள் எத்தனை, கூட்டங்கள் எத்தனை என்று நுண்ணோக்கியில் தனித்தனியாக எண்ணியே ஆக வேண்டும். ஃப்ளோ சைட்டோமீட்டரின் மெல்லிய குழாயில் கூட்டங்கள் உடையும் அல்லது ஏறவே ஏறாது, அதை மட்டும் நம்பினால் பாதிப் பாசி கணக்கில் வராது. கூட்டங்கள் பெருக்கத்தின் முடிவில் மூழ்கிப்போகலாம், ஊட்டச்சத்து தீர்ந்து உடையலாம், மேய்ச்சலுக்கும் போகலாம். ஆழத்தில் வண்டல் பொறி (மூழ்கும் துகள்களைப் பிடிக்கும் கலம்) ஒன்று தொங்கவிட்டிருந்தால் மூழ்கியது எவ்வளவு என்று தெரியும். நீர்த்தல் சோதனையும் கையில் இருந்தால் மேய்ச்சலும் வைரஸும் தனித்தனியாகத் தெரியும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, அப்புறம் வைரஸின் பங்கு எவ்வளவு என்று எழுதுங்கள்.